கரைஞ்சா கொண்டு வரணும்

எங்க சந்துல யார் வீட்டுப் பிள்ளைக்காவது உடம்பு முடியலன்னா முதல்ல என் கதவைத்தான் தட்டுவாங்க. எனக்கு வைத்தியம் தெரியும்னு நெனச்சு இல்ல. டாக்டர் ஒரு வார்த்தை சொன்னா, "அதுக்குத் தமிழ்ல என்னங்க, தெளிவாச் சொல்லுங்க"ன்னு வெக்கமில்லாமக் கேக்கிற பொம்பளை மட்டாஞ்சேரியில நான் ஒருத்திதான். அந்த வெக்கம் என்னை விட்டுப் போன கதையத்தான் எழுதப் போறேன். என் மூத்தவன் சலீமுக்குப் பத்து மாசத்துல ஆபரேஷன் நடந்துச்சு. அம்பதுகளோட கடைசி அது. இன்னைக்கு அவன் என்னைவிட ஒரு முழம் உசரம், வாயும் ஒரு முழம் நீளம். அவன் அடிவயித்துல வலது பக்கம் ஒரு சின்னத் தழும்பு இருக்கு, அவ்வளவுதான் மிச்சம்.

நான் கம்பத்துக்காரி. கல்யாணமாகி மட்டாஞ்சேரிக்கு வந்து ரெண்டு வருசம் ஆகியிருந்துச்சு, அதுல பாதி நாளு பிரசவம்னு ஊர்லயே போயிருச்சு. எங்க வீட்டுக்காரருக்கு பஜார் ரோட்டுல ஒரு சுக்கு, மிளகு கிட்டங்கியில வேலை. அவரு பொறந்ததே இங்கதான். கிட்டங்கியில மலையாளம், வீட்டுல தமிழ். எங்க சந்துல இருந்ததெல்லாம் எங்க ராவுத்தர் குடும்பங்கதான், அதனால எனக்கு மலையாளம் பேச வேண்டிய அவசியமே வரல. மீன்காரிகிட்ட விரல் நீட்டுவேன், வேலை முடிஞ்சிரும். அப்புறம் மலையாளம் என்ன, நம்ம தமிழைக் கொஞ்சம் மூக்கால பேசினா மலையாளம்தானேன்னு ஒரு திமிரு வேற எனக்கு இருந்துச்சு.

ஒரு நாள் பிள்ளையக் குளிப்பாட்டும்போது பாத்தேன், வலது தொடை இடுக்குல ஒரு வீக்கம். நெல்லிக்காய் அளவு. தொட்டா மெத்துன்னு இருந்துச்சு. அன்னைக்குக் கப்பல் சரக்கு ஏத்துற நாளு, அவருக்கு வர முடியல. நானே பிள்ளையத் தோள்ல போட்டுக்கிட்டு பக்கத்துல இருந்த ஒரு டாக்டர் வீட்டுக்குப் போனேன். பால் குடிச்ச மயக்கத்துல சலீம் நல்லாத் தூங்கிட்டான். அவ்வளவு தூங்கியிருக்க வேண்டாம்னு பின்னாடி நெனச்சேன்.

டாக்டர் நல்ல மனுசன். கைய ரெண்டையும் தேச்சுச் சூடாக்கிட்டுத்தான் பிள்ளையத் தொட்டாரு. வீக்கத்த மெதுவா அமுக்கிப் பாத்தாரு. பாத்துக்கிட்டே கேட்டாரு: "கரையுன்னுண்டோ?"

ஆகா, இது நமக்குத் தெரிஞ்ச வார்த்தையாச்சே! வீக்கம் கரையுதான்னு கேக்குறாரு. "இல்ல டாக்டர், கரையவே இல்ல"ன்னேன்.

அவரு முகம் தெளிஞ்சுது. "நல்லது"ன்னாரு. கரையலங்கிறதுல என்ன நல்லதுன்னு எனக்கு ஒரு நிமிசம் இடிச்சுது. அதுக்குள்ள நீளமா ஏதோ சொல்லிக்கிட்டே போனாரு. ஒரு வயசுங்கிறது புரிஞ்சுது, ஆபரேஷன்ங்கிறது புரிஞ்சுது, பயப்படாதேங்கிறதும் புரிஞ்சுது. கடைசியா விரலை ஆட்டி அழுத்தமாச் சொன்னாரு: "கரஞ்ஞா உடனே கொண்டு வரணும், கேட்டோ?"

நான் நல்லாத் தலையாட்டினேன். கரைஞ்சா உடனே கொண்டு வரணும். இதுல என்ன புரியாம இருக்கு? ஒண்ணுமே புரியாம இருந்திருந்தா வாசல்ல நின்ன யாரையாவது கூப்பிட்டுக் கேட்டிருப்பேன். எல்லாம் புரிஞ்ச மாதிரி இருந்ததால பேசாம வீட்டுக்கு வந்துட்டேன்.

ராத்திரி சாப்பாட்டுக்கு உக்காந்தப்ப அவருகிட்டச் சொன்னேன். "வீக்கம் கரைஞ்சா உடனே கொண்டு வரச் சொல்லியிருக்காரு."

"அப்படியா? சரி, கரையட்டும், பாப்போம்"ன்னு சொல்லிட்டு ரசத்த ஊத்திக்கிட்டாரு.

அப்புறம் நாலு நாளு நான் பண்ணின கூத்து இருக்கே! அந்த வீக்கத்த நான் பாத்த மாதிரி யாரும் எதையும் பாத்திருக்க மாட்டாங்க. சலீம் தூங்கினா வீக்கம் இருக்காது. தடவிப் பாத்தா ஒண்ணுமே இல்ல. சரி, கரைஞ்சிருச்சுன்னு அவசர அவசரமா துப்பட்டிய எடுத்துப் போத்திக்கிட்டு பிள்ளையத் தூக்குவேன். தூக்கின அசைவுல முழிச்சு வீல்னு அழுவான். அழுதா வீக்கம் திரும்ப வந்து உக்காந்திரும். துப்பட்டியக் கழட்டி மாட்டுவேன். உப்ப வறுத்துத் துணியில கட்டி ஒத்தடம் கொடுத்தேன். விளக்கெண்ணெய் தடவினேன். தொழுகைப் பாயில உக்காந்து "யா அல்லா, இது கரையணும், கரையணும்"னு கேட்டேன். இது என்ன விசித்திரமான நோவு, போனா டாக்டர்கிட்டப் போகணும், இருந்தா வீட்டுல இருக்கணும்னு எனக்கே ஆச்சரியமா இருந்துச்சு. ஆச்சரியப்பட்டதோட நிறுத்திக்கிட்டேன், அதுதான் தப்பு.

வெள்ளிக்கிழமை விடிஞ்சதுலேருந்து பிள்ளை அழுகைய நிறுத்தல. பால் குடிச்சதை அப்படியே கக்கினான். அடுத்த தடவை கக்கினப்ப பச்சையா வந்துச்சு. வீக்கம் கொட்டைப்பாக்கு மாதிரி கெட்டியாயிருச்சு, மேல தோலு செவந்து கெடந்துச்சு. தொட்டா காலை உதறுறான். அவரு வேலைக்குப் போயிட்டாரு. நான் அடுப்புல உப்ப வறுத்துக்கிட்டிருக்கேன், கரைக்கிறதுக்கு.

எங்க பின்பக்கச் சுவத்துக்கு அந்தப் பக்கம் மரியாம்மா சேச்சி வீடு. காலையிலேருந்து சத்தம் கேட்டுப் பொறுக்க முடியாம அவங்களே வந்துட்டாங்க. வந்த வேகத்துல கேட்டாங்க: "எந்தா மோளே இது? குஞ்ஞு இங்ஙனெ கரையுன்னது கேட்டிட்டு நீ எந்தா நோக்கி இரிக்குன்னே?"

எனக்கு எங்கேருந்துதான் அழுகை வந்துச்சோ. "கரையலையே சேச்சி! கரைஞ்சாத்தானே கொண்டு வரச் சொன்னாரு டாக்டரு! நானும் நாலு நாளாப் பாக்குறேன், கரையவே மாட்டேங்குது!"

சேச்சி என்னையும் பாத்தாங்க, என் மடியில கத்துற பிள்ளையையும் பாத்தாங்க. அப்புறம் ரெண்டு கையையும் கண்ணுக்குக் கீழே வெச்சு, கண்ணீர் வழியுற மாதிரி விரலை இறக்கிக் காட்டினாங்க. "இதல்லேடி கரச்சில்! இதல்லே!"

அந்த விரலு இறங்குனதை நான் இன்னும் மறக்கல. கரச்சில்னா அழுகை. பிள்ளை அழறானான்னு கேட்டிருக்காரு டாக்டர். அழவே இல்லன்னு நான் சொல்லியிருக்கேன். அழுதா உடனே கொண்டு வான்னு அவரு சொன்னதைக் கேட்டுக்கிட்டு வந்து, நாலு நாளு அழ அழ மடியில வெச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன். நான் பெத்த பிள்ளைய நானே கொன்னுட்டேனோன்னு அவனை வாரி நெஞ்சோட அணைச்சுக்கிட்டேன்.

சேச்சி அடுப்ப அணைச்சாங்க. அக்கரைப் பெரிய ஆஸ்பத்திரிக்கே போயிரலாம்னு பிள்ளைய அவங்களே தூக்கிக்கிட்டு முன்னால நடந்தாங்க. அவரோட கிட்டங்கி, போட் ஜெட்டிக்குப் போற வழியிலதான். வாசல்ல நின்னு சேச்சி போட்ட சத்தத்துல, அவரு மேலெல்லாம் சுக்குத் தூசியோட ஓடி வந்தாரு. எறணாகுளம் போட் கெளம்புற நேரம். ஏறி உக்காந்ததும் நடந்ததைச் சொன்னேன். அவரு அழுற பிள்ளையோட காலைப் பிடிச்சுக்கிட்டு தண்ணியவே பாத்துக்கிட்டு வந்தாரு.

ஆஸ்பத்திரியில எள்ளு போட்டா விழாத கூட்டம். அவரு சீட்டு எழுத ஓடினாரு. சேச்சி உக்கார இடம் தேடினாங்க. நான் வரிசையில கடைசி. எனக்கு முன்னாடி நாப்பது பேராவது இருக்கும். அப்ப வெள்ளை அங்கி போட்ட ஒரு சிஸ்டர் அந்தப் பக்கமா வந்தாங்க. நான் ஒண்ணு முடிவு பண்ணியிருந்தேன்: இனிமே செத்தாலும் 'கரை'ங்கிற வார்த்தைய வாயில எடுக்கிறதில்ல. நல்ல தமிழ்லயே சொல்லுவேன், புரிஞ்சாப் புரியட்டும். சிஸ்டர் கையப் பிடிச்சு இழுத்துக் கத்தினேன்.

"அழுகுது சிஸ்டர்! நாலு நாளா அழுகுது! இப்ப நிக்காம அழுகுது!"

அந்தம்மா மொகம் வெளுத்துப் போச்சு. "அழுகுன்னோ? நாலு திவசமாயிட்டோ? எண்டெ ஈசோயே!"ன்னு பிள்ளைய என் கையிலேருந்து பிடுங்காத குறையா வாங்கிக்கிட்டு உள்ள ஓடினாங்க. நானும் பின்னாலயே ஓடினேன். நாப்பது பேரும் வாயத் தெறந்து பாத்துக்கிட்டு நின்னாங்க. பரவாயில்லையே, நம்ம தமிழ் இங்க நல்லா எடுபடுதேன்னு அந்த நேரத்துலயும் எனக்கு ஒரு நெனப்பு.

ஆபரேஷன் பண்ற பெரிய டாக்டர் மேசையில போட்டுப் பாத்தாரு. வயித்தத் தட்டினாரு, வீக்கத்த மெதுவா அமுக்கினாரு, மோந்தும் பாத்தாரு. "அழுகியிட்டில்லல்லோ சிஸ்டரே"ன்னாரு. சிஸ்டர் என்னைத் திரும்பிப் பாத்தாங்க. ஏன் பாத்தாங்கன்னு எனக்குத் தெரியல.

எங்க வீட்டுக்காரர் வந்ததும் டாக்டர் அவருக்கு விளக்கினாரு. நான் வார்த்தைக்கு வார்த்தை தமிழ்ல சொல்லச் சொல்லிக் கேட்டேன். இதுக்குப் பேரு ஹெர்னியா, குடலிறக்கம். ஆம்பளைப் பிள்ளை வயித்துக்குள்ள இருக்கையிலேயே விதை வயித்துலேருந்து கீழ இறங்கும். அது இறங்கி வர்றதுக்கு ஒரு வழி உண்டு. இறங்கினதும் அந்த வழி தானா மூடிக்கணும். சில பிள்ளைகளுக்கு மூடாது. அழுறப்ப, முக்குறப்ப, அந்த ஓட்டை வழியாக் குடல் வெளிய பிதுங்கும். தூங்கினா உள்ள போயிரும். "நிங்கள்க்கு சாக்குக் கச்சவடமல்லே? சாக்கிண்டெ வாய் தைக்காதெ விட்டதுபோலெ"ன்னு டாக்டர் சொன்னதும், சாக்கு ஏவாரத்துல இருக்கிற அவருக்கு, வாயத் தைக்காம விட்ட சாக்கு மாதிரின்னு பட்டுன்னு புரிஞ்சிருச்சு. இப்ப அந்த வாயில குடல் மாட்டிக்கிச்சு. ரத்த ஓட்டம் நின்னா குடல் கெட்டுப் போயிரும். அதுக்கு முன்னால உள்ள போகணும்.

முதல்லயே கத்தி வைக்க மாட்டாங்களாம். கட்டிலோட கால் பக்கத்த செங்கல் வெச்சு ஒசத்தினாங்க. தூங்க ஒரு ஊசி போட்டாங்க. தலை கீழேயும் கால் மேலேயுமா பிள்ளை அழாமக் கெடந்தா, வயிறு தளர்ந்து குடல் தானா உள்ள வழுக்கிப் போக வாய்ப்பு இருக்கு. ரெண்டு மணி நேரம் பாக்கலாம்னாரு டாக்டர். சிஸ்டர் என்கிட்ட விரலை நீட்டி, "கரையிக்கருது, கேட்டோ"ன்னாங்க. அழ விடக்கூடாது. இப்ப எனக்குப் புரிஞ்சுது, நல்லாவே புரிஞ்சுது.

ஆனா பால் குடுக்கக் கூடாது. மயக்க மருந்து கொடுக்க வேண்டி வந்தா வயிறு காலியா இருக்கணுமாம். என் வாசனை பட்டா அரைத் தூக்கத்துலயும் பிள்ளை வாயக் குவிக்கிறான். எனக்கு மார்ல பால் ஊறி ரவிக்கை நனைஞ்சு போச்சு. சேச்சி என்னை எட்டிப் போய் உக்காரச் சொல்லிட்டு, பிள்ளை பக்கத்துல அவங்க உக்காந்து தட்டிக் கொடுத்தாங்க.

எட்டி உக்காந்தவளுக்குச் சும்மா இருக்க முடியல. பயம் வந்தா எனக்கு வாய் ஓயாது. போற வர்ற சிஸ்டரையெல்லாம் பிடிச்சுக் கேட்டேன். இந்தப் பாத்திரத்துல என்ன கொதிக்குது? ஊசியாம், கொதிக்க வெச்சாத்தான் கிருமி சாகுமாம். டீ வடிகட்டி மாதிரி கம்பியில ஒரு கிண்ணம் இருக்கே, அது எதுக்கு? அதுதான் மயக்க மருந்து கொடுக்கிறது. அது மேல துணி போட்டு, மூக்கு மேல வெச்சு, ஈதர்னு ஒண்ணச் சொட்டு சொட்டா விடுவாங்க, மூச்சோட உள்ள போயி ஆளைத் தூங்க வெச்சிரும். சொட்டு அதிகமாயிட்டா? ஆகாம ஒருத்தர் பாத்துக்கிட்டே இருப்பாரு. அவருக்குக் கண்ணு அசந்துட்டா? அந்தக் கேள்விக்கு சிஸ்டர் சிரிச்சிட்டு, என்னை 'சோத்யக்காரி'ன்னாங்க. நான் சோத்துக்கு அலையுறவன்னு சொல்றாங்களோன்னு எனக்குச் சுருக்குன்னு ஆயிருச்சு. காலையிலேருந்து பச்சைத் தண்ணி பல்லுல படல எனக்கு! சோத்யம்னா கேள்வின்னு அவரு சொன்னதுக்கு அப்புறம்தான் சமாதானம் ஆனேன்.

ரெண்டு மணி நேரம் ஆச்சு. வீக்கம் உள்ள போகல. ஜும்ஆவுக்குப் பாங்கு சொல்ற சத்தம் எங்கேயோ கேட்டப்ப, காயிதத்த நீட்டிக் கையெழுத்துக் கேட்டாங்க. அவரு பேனாவ வாங்கினாரு. நான் கையப் பிடிச்சுக்கிட்டேன். "ஒவ்வொரு வார்த்தையா எனக்குத் தமிழ்ல சொல்லிட்டுப் போடுங்க"ன்னேன். அவரும் எழுத்துக் கூட்டி வாசிச்சாரு. மயக்க மருந்து கொடுக்கச் சம்மதம். அறுக்கச் சம்மதம். ஏதாவது ஆனா, அப்படிங்கிற இடத்துல அவரு காயிதத்தைத் தாழ்த்திட்டாரு. போதும், போடுங்கன்னு நானே சொன்னேன்.

பிள்ளைய உள்ள கொண்டு போனாங்க. கதவு மூடிருச்சு. வெளிய பெஞ்சில உக்காந்தோம். கதவு இடுக்கு வழியா ஈதர் வாசனை வந்துச்சு, தித்திப்பா, தலை சுத்துற மாதிரி. அவரு என் பக்கம் திரும்பினாரு.

"ரஹ்மத்து, உன்னைக் குத்தம் சொல்றதுக்கு ஒண்ணுமில்ல. உனக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்ல? பொறந்ததுலேருந்து 'கரையல்லே, கரையல்லே', அதாவது அழாதே அழாதேன்னு, கேட்டு வளந்தவன் நான். என்கிட்ட நீ சொன்னப்ப நான் என்ன சொன்னேன்?"

"கரையட்டும், பாப்போம்னீங்க."

"வீட்டுப் படியேறினா காதும் தமிழ்க் காதா ஆயிடுது"ன்னு சொல்லிட்டுத் துண்டால முகத்தப் பொத்திக்கிட்டாரு. அந்த மனுசன் அழுது நான் பாத்தது அன்னைக்குத்தான். சேச்சி எழுந்து போயி, ரெண்டு கிளாஸ் சாயா வாங்கிட்டு வந்து எங்க கையில வெச்சாங்க. அந்தம்மாவும் காலையிலேருந்து ஒண்ணும் சாப்பிடலன்னு எனக்குத் தோணவே இல்ல. பின்னாடி பத்து நாளு நாங்க அந்த வார்டுல கெடந்தப்பவும், தினம் போட் ஏறிக் கஞ்சியும் பயறும் கொண்டு வந்தது அவங்கதான்.

கதவு தெறந்துச்சு. சிஸ்டர் முகத்துல கட்டியிருந்த துணிய இறக்கிட்டு, "கழிஞ்ஞு. பேடிக்கண்டா"ன்னாங்க. நான் அவரு முகத்தப் பாத்தேன். "முடிஞ்சிருச்சு, பயப்பட வேண்டாமாம்"னு உடனே தமிழ்ல சொன்னாரு.

குடல் கருநீலமா இருந்துச்சாம். வெட்டி எடுக்க வேண்டியிருக்குமோன்னு டாக்டர் யோசிச்சாராம். வெந்நீர்ல உப்புப் போட்டு நனைச்ச துணிய அது மேல வெச்சிட்டு எல்லாரும் பாத்துக்கிட்டே நின்னாங்களாம். மெதுவா, மெதுவா, ரோஸ் நிறம் திரும்பி வந்துச்சாம். அப்புறம் உள்ள தள்ளிட்டு, சாக்கு வாயத் தைச்சிட்டாங்க. "இன்னும் ஒரு மணி நேரம் வரிசையில நின்னிருந்தா கதை வேற"ன்னு சிஸ்டர் சொன்னதை அவரு தமிழாக்கிச் சொன்னாரு.

"நீங்கதானே சிஸ்டர் வரிசையிலேருந்து தூக்கிட்டு ஓடினீங்க"ன்னு நான் அவங்க கையப் பிடிச்சுக்கிட்டேன்.

அப்பத்தான் அந்தம்மா சிரிச்சாங்க. அவரும் கேட்டுட்டு, அழுத முகத்தோட சிரிச்சாரு. மலையாளத்துல அழுகுன்னுன்னா, ஒண்ணே ஒண்ணுதான். பழம் அழுகுற மாதிரி அழுகுறது. நாலு நாளாப் பிள்ளை உடம்பு அழுகுது, நிக்காம அழுகுதுன்னு நான் அந்தக் கூட்டத்துல நின்னு கத்தியிருக்கேன்! பிள்ளை அழுறான்னு ஒழுங்கான மலையாளத்துல சொல்லியிருந்தா, இங்க எந்தப் பிள்ளை அழல, வரிசையில நில்லுன்னு போயிருப்பாங்களாம்.

சிரிச்சதெல்லாம் கொஞ்ச நேரம்தான். பிள்ளையக் கொண்டு வந்து கட்டில்ல ஒருக்களிச்சுப் போட்டாங்க. வெளுத்துப் போயி, உதடு காஞ்சு, துணிப் பொம்மை மாதிரி கெடந்தான். ஈதர் நெடி அவன் மூச்சுலயே வந்துச்சு. மயக்கம் தெளியணும், தெளிஞ்சா முதல்ல அழுவான், அதுக்குத்தான் காத்திருக்கோம்னாங்க சிஸ்டர். வெயில் ஜன்னலை விட்டு இறங்கிச்சு. அவன் அசையல. அடுத்த கட்டில்காரங்க பிள்ளை அழுதுச்சு, எதிர்க்கட்டில் பிள்ளை அழுதுச்சு, என் பிள்ளை மட்டும் அழல. சிஸ்டர் ரெண்டு தடவை வந்து நாடியப் பிடிச்சுப் பாத்துட்டுப் போனாங்க. மூணாவது தடவை வந்தப்ப முகத்துல சிரிப்பு இல்ல. உள்ளங்காலைச் சுண்டினாங்க. ஒண்ணும் இல்ல.

நான் கண்ண மூடிக்கிட்டேன். நாலு நாளாத் தொழுகைப் பாயில உக்காந்து கேட்ட அதே துஆவக் கேட்டேன். கரையணும், யா அல்லா, கரையணும். வார்த்தைய மாத்தல. மலையாளத்துல கேட்டேன்.

எவ்வளவு நேரமோ தெரியல. பூனைக்குட்டி மாதிரி முதல்ல ஒரு சத்தம். அப்புறம் இருமல். அப்புறம் அவனோட சொந்தக் குரல்லயே ஒரு வீல்! வார்டே திரும்பிப் பாத்துச்சு. சிஸ்டர் ஓடி வந்தாங்க. நான் கட்டில் சட்டத்தப் பிடிச்சுக்கிட்டு, மூக்கும் கண்ணும் ஒழுக நிக்கிறேன்.

"குஞ்ஞு கரஞ்ஞல்லோ! இனி நீ எந்தினா அழுகுன்னே?"ன்னாங்க, என் வார்த்தைய என்கிட்டயே திருப்பி. அப்புறம், தையல் இழுக்கும், தட்டிக் கொடுத்து அடக்குன்னு கையால காட்டினாங்க.

நான் குனிஞ்சு அவன் நெத்தியில கைய வெச்சேன். அடக்க மனசு வரல.

"கரையட்டும் சிஸ்டர்"னேன். "ரெண்டே நிமிசம். கரையட்டும்."